வைடு ஆங்கிள் லென்சும் எங்கள் அண்ணனும்

அண்ணன் மறைந்து ஓராண்டு நிறைவுறும் இந்நாளில், இந்த நினைவு மலரைக் கையில் வாங்கும் உறவினர்களுக்கும் நண்பர்களுக்கும் எங்கள் குடும்பத்தின் வணக்கம். அண்ணனின் பொறுமையைப் பற்றி எழுதும்படி அண்ணி கேட்டுக்கொண்டார்கள். அவருடைய தங்கையாக உண்மையைச் சொல்வதென்றால், அந்தப் பொறுமை எங்களைப் படுத்திய பாடு கொஞ்சமல்ல.

அண்ணன் கோலார் தங்க வயலின் பாலகாட் பகுதியில், சுரங்கத் தொழிலாளர்களுக்கான லைன் வீடு ஒன்றில் பிறந்தார். அப்பா ஷாஃப்ட் என்ற சுரங்கக் குழியில் இறங்கி வேலை பார்த்தவர். சுரங்கம் மூடப்பட்டபோது வீட்டுப் பாரம் முழுவதும் அண்ணன் தோளில் விழுந்தது. இயந்திரத் தொழிற்சாலையில் வேலை பார்த்துக்கொண்டே என்னை நர்சிங் படிக்க வைத்தார், திருமணமும் செய்து வைத்தார். தனக்கென்று அவர் வாங்கிக்கொண்டது ஒரு பழைய ரேஞ்ச்ஃபைண்டர் ஃபிலிம் கேமரா மட்டுமே. சிறிய கண்ணாடி வழியே இரண்டாகத் தெரியும் உருவத்தை ஒன்றாகச் சேர்த்தால்தான் அதில் படம் தெளிவாக விழும்.

சுரங்கத் தூசியால் அப்பாவின் நுரையீரல் கெட்டது. மூக்கில் ஆக்சிஜன் குழாயோடு கட்டிலில் படுத்தவர், பிள்ளைகள், மருமக்கள், பேரப்பிள்ளைகள் எல்லோரும் தன்னைச் சுற்றி நிற்க ஒரு படம் வேண்டும் என்றார். பேரன்கள் செல்போனை நீட்டியபோது வேண்டாம் என்றார். பெரியவன்தான் எடுக்க வேண்டுமாம். அண்ணன் முதுகு சுவரில் இடிக்க நின்று பார்த்தார். இருந்த லென்சில் பாதிக் குடும்பம்தான் அடங்கியது. அகலமாகப் படம் பிடிக்கும் வைடு ஆங்கிள் லென்ஸ் தேவைப்பட்டது.

வினை அங்கே தொடங்கியது. பெங்களூரில் பழக்கமான கடைக்காரர் இரண்டு லென்சைக் காட்டினார். ஒன்று அந்தக் காலத்துப் பித்தளை லென்ஸ். முகத்தை மென்மையாகக் காட்டும். ஆனால் ஓரங்கள் மங்கும், ஜன்னல் வெளிச்சம் வெண்புகைபோல் படரும். மற்றது புதியது. மூலைவரை எல்லாம் துல்லியமாக விழும். ஆனால் பருமனான அதன் உடம்பு, கண் வைத்துப் பார்க்கும் கண்ணாடியில் ஒரு மூலையை மறைத்தது. அண்ணன் இரண்டையும் மாறி மாறி இரவல் வாங்கி வந்தார். காலண்டரை எடுத்தார். அலமாரியை எடுத்தார். அண்ணியை மூலைக்கு மூலை உட்கார வைத்து எடுத்தார். ஃபிலிமைக் கழுவ பெங்களூருக்குக் கொண்டுபோவார், பூதக்கண்ணாடியில் பார்ப்பார், இன்னும் ஒரு ரோல் பார்க்கலாம் என்பார். அப்பாவை மட்டும் எடுக்கவில்லை. அவரைச் சோதனைக்கு உட்கார வைக்கக் கூடாதாம்.

பொங்கலுக்கு எல்லோரும் கூடினோம். அப்போது பார்த்து, மறுபடி யோசிக்க வேண்டும் என்று இரண்டு லென்சையும் கடையில் திருப்பிக் கொடுத்திருந்தார் அண்ணன். அப்பா மூச்சு வாங்க அவரை அருகில் அழைத்தார்.

“எந்தக் கண்ணாடியா இருந்தா இன்னாடா? நான் இருக்கசொல்லவே எடுத்துடு.”

அண்ணன் தலை குனிந்து வெளியே போனார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. குழாயடிவரை பின்னாலேயே போய், உன் பிரச்சினைதான் இன்னாண்ணா என்று கேட்டேன்.

“புதுசுல எடுத்தா அந்தக் குழாய் அப்படியே தெரியும்மா. பழசுல அவ்ளோ தெரியாது. ஆனா ஓரத்துல நிக்கிற பசங்க மங்கிப் போவாங்க. நான் யாரை விடறது?”

“தெரிஞ்சா தெரியட்டும்ணா. அந்தக் குழாயிலதான அப்பா மூச்சு விடறாரு.”

அண்ணன் வீட்டுக்குள் திரும்பிப் போனார். யுகாதிக்குள் முடிவு செய்துவிடுவதாக அண்ணியிடம் சொன்னார். யுகாதிவரை அப்பா இருக்கவில்லை.

கருமாதி முடிந்த வாரமே அண்ணன் பெங்களூர் போய்ப் புதிய லென்சை வாங்கி வந்தார். இப்போது எதற்கு என்று நான் சத்தம் போட்டேன். அவர் சண்டைக்கு வரவில்லை. அப்பாவைப் போல நோயில் கிடந்தவர்களின் வீடுகளுக்கு லைன் லைனாகப் போகத் தொடங்கினார். கட்டிலைச் சுற்றிக் குடும்பத்தை நிறுத்திப் படம் எடுத்து, பிரதியும் போட்டுக் கொடுத்தார். ஒருமுறை நானும் உடன் போயிருந்தேன். அந்த வீட்டுப் பெரியவர் படத்துக்காக மூக்குக் குழாயைக் கழற்றப் போனார். “வேணாம் மாமா, கழட்டாதீங்க. அதோடயே நல்லாத்தான் இருக்கீங்க” என்றார் அண்ணன். நான் வாசலுக்கு வந்துவிட்டேன்.

சென்ற ஆண்டு நெஞ்சுவலி வந்தபோது மட்டும் அண்ணன் யாருக்கும் அவகாசம் கொடுக்கவில்லை. இறுதி ஊர்வலத்தில் வந்தவர்களில் பலரை எங்களுக்குத் தெரியாது. எங்க அப்பாவை போட்டோ எடுத்தவரு என்று சொல்லிக்கொண்டு வந்தார்கள்.

அண்ணனை மருத்துவமனைக்குத் தூக்கிச் சென்ற பக்கத்து லைன் இளைஞர்களுக்கும், முகம் சுளிக்காமல் லென்ஸ்களை இரவல் தந்த கடைக்காரருக்கும், ஒரு வாரம் எங்களுக்குச் சமைத்துப் போட்ட அண்டை வீட்டாருக்கும் எங்கள் நன்றி என்றும் உண்டு.

இம்மலரின் நடுப்பக்கத்துக்காக அண்ணனின் பெட்டிகளை நானும் அண்ணியும் தேடிப் பார்த்தோம். ஊரில் உள்ள எத்தனையோ பேரின் அப்பாக்கள் அவற்றில் குடும்பத்தோடு இருக்கிறார்கள். எங்கள் அப்பா இல்லை. அண்ணனை வணங்குகிறேன். கோபம் மட்டும் இன்னும் ஆறவில்லை.