கையில் மட்டும் வளர்ந்த தோல்

ஞானபூரணம் நர்ஸுக்குக் காலையில் சோறு இறங்காது. சங்கரன்கோவிலில் ஒரு சிறிய ஆஸ்பத்திரியில் தீக்காயங்களுக்குக் கட்டு மாற்றுவது அவள் வேலை. எவ்வளவு உப்புத்தண்ணீர் விட்டு ஊறவைத்தாலும், புண்ணில் ஒட்டிய துணி புதிதாய் முளைத்த தோலையும் பிய்த்துக்கொண்டுதான் வரும்.

எண்பத்துநாலு கோடையில், சிவகிரிப் பக்கத்திலிருந்து ஆறுமுகத்தாயைத் தூக்கிவந்தார்கள். கல்யாணமாகி ஒரு வருஷம்கூட ஆகாத பெண். முதுகும் நெஞ்சும் ஒரு கையும் வெந்திருந்தன.

"ஸ்டவ் வெடிச்சிட்டு சிஸ்டர்" என்றான் புருஷன் துரைப்பாண்டி. அதற்கப்புறம் அவன் அந்தப் பக்கமே வரவில்லை. அவளைப் பெற்ற தாய் சங்கரம்மாள்தான் கட்டிலடியில் கிடந்தாள்.

அந்த வாரம் டாக்டர் ஏசுதாசன், மெட்ராஸில் ஒரு மருத்துவக் கூட்டத்துக்குப் போய்விட்டு ஓர் உறையோடு வந்தார். உள்ளே, நுங்கைச் சீவி விரித்தாற்போல வழவழவென்று கண்ணாடியாய் ஒரு தகடு.

"பாலிமர் ஜெல், சிஸ்டர். பெரும்பகுதி தண்ணிதான். சொந்தத் தோல் வளருத வரைக்கும் இது தோலா இருக்கும். புண்ணுல ஒட்டாது."

இருந்த தகடு ஒரு கைக்குத்தான் போதும்.

ஞானபூரணம் அதைப் போர்த்தியபோது ஆறுமுகத்தாய் பல்லைக் கடித்துக்கொண்டு காத்திருந்தாள். வலி வரவில்லை. மெல்லக் கண்ணைத் திறந்தாள்.

"முடிஞ்சிட்டா சிஸ்டர்?"

"முடிஞ்சிட்டு மக்கா."

"குளுகுளுன்னு இருக்கு. முதுகுக்கும் இதையே போட்டிருங்களேன்."

"மெட்ராஸுக்கு டிரங்க் கால் போட்டிருக்கு. வந்திரும்."

அன்று சாயங்காலமே பதில் வந்துவிட்டது. வெளிநாட்டிலிருந்து மாதிரிக்கு வந்த சரக்கு, இனி இல்லை என்று. ஞானபூரணம் அதைச் சொல்லவில்லை. தினமும் முதுகுத் துணியை உரிக்கும்போது, அந்தப் பெண் அலறிக்கொண்டே முகத்தைத் திருப்பித் தன் கையை மட்டும் பார்ப்பாள். நாளைக்கு வந்திருமா என்பாள்.

முதுகில் சீழ் வைத்தது. காய்ச்சல் இறங்கவே இல்லை. ஒரு மத்தியானம் மூச்சு நின்றது.

உடம்பைத் துடைக்கும்போது கையிலிருந்த தகடு தானாக நழுவி விழுந்தது. அடியில் இளஞ்சிவப்பாய், பச்சைப்பிள்ளைக்கு இருப்பதுபோல, புதுத் தோல். சங்கரம்மாள் அதைத் தடவித் தடவிப் பார்த்தாள்.

"கை ஆறிட்டே சிஸ்டர்! பெறகு ஏன் எந்திரிக்க மாட்டேங்கா?"

ஞானபூரணம் அந்தக் கையை உடம்பைப் போர்த்தியிருந்த சேலைக்குள் எடுத்துவைத்து மூடினாள்.

மறுவாரம் அதே கட்டிலுக்கு வாசுதேவநல்லூரிலிருந்து தீக்காயத்தோடு இன்னொருத்தி வந்தாள். தன்னைப் பிரசவ வார்டுக்கு மாற்றிவிடும்படி ஞானபூரணம் டாக்டரிடம் கெஞ்சினாள். கட்டு மாற்ற வேறு ஆளில்லை என்று அவர் தலைகுனிந்துகொண்டார். அவள் ஓய்வுபெறும்வரை அந்த ஆஸ்பத்திரிக்கு அப்படி ஒரு தகடு மறுபடி வரவே இல்லை.