நினைவுத்தூணில் எடுத்த குடும்பப் படம்

தங்கை கல்யாணம் முடிந்த மறுவாரம், மணமக்களோடு தூத்துக்குடி கடற்கரைக்குக் கிளம்பினோம். அத்தையின் புருஷன் போரில் செத்தவர். வழியிலுள்ள நினைவுத்தூணில் அவர் பெயர் இருந்தது. அத்தை கெஞ்சியதால் வேனை நிறுத்தினோம்.

அவள் அந்தப் பெயரைத் தடவி முடிப்பதற்குள் அங்கேயே போட்டோவுக்கு வரிசை கட்டினோம்.

“மைனி, புதுப்பொண்ணு நிக்கா. நீங்க எடுங்க,” என்று அம்மா அத்தை கையில் போனைத் திணித்தாள். தாலியறுத்தவள் மணமக்கள் பக்கத்தில் நிற்கக்கூடாதாம்.

“ஏலே, கொஞ்சம் தள்ளி நில்லு. மாமா பேரு மறையுது,” என்றாள் அத்தை என்னிடம்.

தள்ளி நின்றால் முகத்தில் வெயில் அடிக்கும். நான் அசையவில்லை.

கடற்கரையில் புரோட்டாப் பொட்டலத்தைப் பிரித்துக்கொண்டே அம்மா படத்தைப் பார்த்தாள்.

“நல்லா எடுத்திருக்கிய மைனி. நம்ம ஆளுக ஒருத்தரும் விடுபடல.”