காதக்காவின் ஆய்வுச் சுருக்கம்

மகப்பேறு மருத்துவமனையில் பிறக்கும் ஒவ்வொரு குழந்தைக்கும், வீட்டுக்குப் போவதற்கு முன்னால் ஒரு சோதனை உண்டு. காதுக்குள் பஞ்சு போல மெத்தென்ற ஒரு சின்னக் குழாயை வைப்பார்கள். கருவி டிக் டிக்கென்று ஒலியை அனுப்பும். நல்ல காதாக இருந்தால் உள்ளிருந்து மெல்லிய எதிரொலி திரும்பி வரும். வந்தால் பச்சை விளக்கு எரியும். வராவிட்டால் மஞ்சள், மறுபடி சோதிக்க வேண்டும். இந்த வேலையை ஏறக்குறைய தன் வயதில் பாதிக் காலம் செய்துவந்தவளைத் தாய்மார்கள் காதக்கா என்று கூப்பிட்டார்கள். டாக்டர்களும் அப்படியே கூப்பிடப் பழகியிருந்தார்கள்.

காதக்காவுக்குத் தீராத தலைவலி ஒன்று உண்டென்றால் அது மஞ்சள் விளக்குதான். வார்டு என்பது சந்தைக்கடை. ஒரு பக்கம் தள்ளுவண்டி கடகடக்கும், இன்னொரு பக்கம் பார்க்க வந்த சித்தப்பா வாய்விட்டுச் சிரிப்பார். அந்த இரைச்சலில் கருவிக்கு எதிரொலி எங்கே கேட்கப் போகிறது? நன்றாகக் கேட்கும் குழந்தைக்கும் மஞ்சள் எரியும். பிரசவித்த உடம்போடு இருக்கும் தாய் அந்த விளக்கைப் பார்த்ததும் பிள்ளையை வாரி அணைத்துக்கொள்வாள். "மறுபடி ஒரு தடவை பார்ப்போம்மா, பயப்படாதீங்க" என்று சொல்லிச் சொல்லியே காதக்காவுக்குத் தொண்டைத் தண்ணீர் வற்றும்.

ஒரு நாள் வார்டுச் சுவரில் துளை போட்டுக்கொண்டிருந்தார்கள். வீட்டுக்குக் கிளம்பக் காத்திருந்த ஒரு குழந்தைக்கு மஞ்சளுக்கு மேல் மஞ்சள். வேறு போக்கிடம் இல்லாமல், தாழ்வாரக் கோடியிலிருந்த துணி அறைக்குள் தாயையும் பிள்ளையையும் அழைத்துப் போனாள். சுவரெல்லாம் கூரைவரை அடுக்கிய கம்பளிகளும் விரிப்புகளும். கதவைச் சாத்தியதும் தண்ணீருக்குள் தலையை அமிழ்த்தியது போல ஓசை அடங்கியது. கருவியை வைத்த கொஞ்ச நேரத்துக்குள் பச்சை எரிந்தது.

துணி அறைக்காரர் மட்டும் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டார். "அம்மா, இது துவைச்ச துணி வைக்கிற இடம். உங்க வாண்டுங்க ஈரம் பண்ணிட்டா யாரு பதில் சொல்றது?"

"நான் சொல்றேன். நானே துவைச்சும் தர்றேன், போதுமா?"

அவர் முணுமுணுத்துக்கொண்டே ஓர் அலமாரியை நகர்த்தி, நாற்காலி போட இடம் விட்டார்.

அன்றிலிருந்து எல்லாக் குழந்தைகளுக்கும் அங்கேதான் சோதனை. ஆண்டு முடிவில் கணக்குப் பார்த்தால், மறுபடி வரச் சொன்ன குழந்தைகள் பாதியாகக் குறைந்திருந்தார்கள். குழந்தைகள் பிரிவின் தலைமை டாக்டரம்மா கணக்கைப் பார்த்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார்.

"இதை நீங்க குழந்தை மருத்துவ மாநாட்டுக்கு எழுதி அனுப்பணும்."

"நானா மேடம்? எனக்கு மளிகைச் சீட்டு எழுதவே சோம்பல்."

"ஆய்வுச் சுருக்கம்தான். இருநூத்தம்பது சொல். நீங்களே எழுதுங்க, நான் பார்த்துத் தர்றேன். உங்க பேருதான் முதல்ல வரணும்."

இருநூற்றைம்பது சொல்லா, இதென்ன பிரமாதம் என்று நினைத்துக்கொண்டுதான் காதக்கா வீட்டுக்குப் போனாள். உட்கார்ந்து எழுதியபோது அது நான்கு பக்கம் வந்தது. சுவரில் துளை போட்டதில் தொடங்கி, துணி அறைக்காரரின் கோபம் வரை ஒன்றும் விடவில்லை.

அவள் கணவர் நகரப் பேருந்து ஓட்டுநர். நான்கு பக்கத்தையும் உரக்கப் படித்துவிட்டு, "அருமை! ஆனா கொஞ்சம் எடுப்பு பத்தல. 'வரலாறு காணாத வெற்றி'ன்னு ஒரு வரி சேரு" என்றார்.

"அண்ணா, நீ பேசாம இரு" என்றபடி மாடியிலிருந்து இறங்கி வந்தாள் அவர் தங்கை. காதக்காவுக்கு நாத்தனார். அச்சகத்தில் பிழை திருத்தும் வேலை. சாப்பிடும் தட்டில் எழுத்து இருந்தாலும் பிழை பார்ப்பவள் என்று அண்ணன் கேலி செய்வார். அவளும் காதக்காவும் ஒரே கூரையின் கீழ் இத்தனை காலமாகச் சண்டையில்லாமல் இருப்பதைப் பார்த்து அக்கம்பக்கத்தில் பலருக்கு ஏமாற்றம்தான்.

நாத்தனார் மாநாட்டு விதிமுறைகளைப் படித்தாள். தலைப்பு இரண்டு வரிக்கு மேல் போகக் கூடாது. நோக்கம், முறை, கண்டறிந்தவை, முடிவு என நான்கு பகுதிகள். எழுதியவர் பெயருக்குத் தனி இடம் உண்டு, மருத்துவமனையின் பெயரோ ஆளின் பெயரோ சுருக்கத்தின் உள்ளே எங்கேயும் தலைகாட்டக் கூடாது. படித்து முடித்தவள் பேனாவை எடுத்தாள்.

"அண்ணி, துணி அறைக்காரர் கோவிச்சுக்கிட்டது போகட்டும்."

"அவரு இல்லாம எப்படி?"

"அறை இருக்கே, அது போதும். 'மிகவும் அமைதியான, சத்தமே இல்லாத'ன்னு எழுதியிருக்கீங்க. ஒண்ணு போதாதா? இங்க 'நாங்கள் கண்டறிந்தது என்னவென்றால்'. கண்டறிஞ்சதைச் சொல்லுங்க, என்னவென்றாலை விடுங்க."

ஒவ்வொரு சொல் போகும்போதும் காதக்காவுக்குக் கொஞ்சம் வலித்தது. ஆனால் சாப்பாட்டு வேளைக்குள் நான்கு பக்கம் ஒரு பக்கமாகியிருந்தது. படித்துப் பார்த்தால் முன்னைவிட நன்றாகப் புரிந்தது.

கடைசி வரியில்தான் நாத்தனார் நின்றாள். பேனா முனை காகிதத்தைத் தொட்டபடியே இருந்தது.

"அண்ணி, ஒரு சந்தேகம். மஞ்சள் குறைஞ்சது நல்லதுதான். ஆனா பச்சை எரிஞ்சு வீட்டுக்குப் போனதுல நெஜமாவே காது கேக்காத குழந்தை இருந்தா?"

காதக்கா கணக்கு நோட்டைப் புரட்டினாள். பச்சைக்குப் பிறகு ஒரு குறிப்பும் இல்லை. பச்சை எரிந்த நிம்மதியில், அந்தக் குழந்தைகளை அவள் மறுபடி திரும்பிப் பார்த்ததே இல்லை.

மறுநாள் டாக்டரம்மாவிடம் அதைச் சொன்னாள். அவர் நாட்காட்டியைப் பார்த்தார். "நியாயமான கேள்விதான். ஆனா வெள்ளிக்கிழமை கடைசி நாள். இப்போதைக்கு இருக்கறதை அனுப்பிட்டு, மிச்சத்தை அடுத்த வருஷம் பார்த்துக்கலாமே."

"மனசு ஒப்பலை மேடம். தடுப்பூசி போட எல்லாரும் கீழதானே வர்றாங்க. அங்க உக்காந்து பார்த்துடறேன்."

டாக்டரம்மா தடுக்கவில்லை. காதக்கா கருவியைத் தூக்கிக்கொண்டு கீழ்த்தளத்துக்குப் போனாள். துணி அறையில் சோதித்த குழந்தைகள் இப்போது தலை நின்று, பல் முளைத்து, சில பேர் தவழவும் தொடங்கியிருந்தார்கள். ஊசிக்கு முன்னால் அவள் கையில் சிக்கினால் சிரிப்பு, ஊசிக்குப் பின்னால் என்றால் ஊரைக் கூட்டும் அழுகை. முதுகுப் பக்கமிருந்து கிலுகிலுப்பையை ஆட்டுவாள், குழந்தை திரும்புகிறதா என்று கண்கொத்திப் பாம்பாகக் கவனிப்பாள், பிறகு கருவியை வைப்பாள். வராதவர்களுக்கு ஃபோன் போட்டாள். ஒரு தாய், "காது கேக்குமான்னா கேக்கறீங்க? பிஸ்கட் உறை பிரிக்கிற சத்தம் அடுத்த ரூம்லேருந்து கேக்குதுக்கா" என்றாள். இருந்தாலும் காதக்கா கூட்டி வரச் சொன்னாள்.

வெள்ளிக்கிழமை வந்தது. பாதிப் பேரைக்கூடப் பார்த்து முடிக்கவில்லை. மாலையில் அலுவலகக் கணினியை அணைத்துவிட்டு வீட்டுக்கு வந்தவள், "இந்த வருஷம் இல்லைன்னு ஆயிடுச்சு" என்றாள். வருத்தம் இருந்தது, இல்லாமலில்லை. ஆனாலும் அன்று இரண்டு கரண்டி கூடவே சாப்பிட்டாள்.

திங்கட்கிழமை காலை மாநாட்டுக்காரர்களிடமிருந்து மின்னஞ்சல் வந்திருந்தது. பலரும் கேட்டுக்கொண்டதற்கிணங்கக் கடைசி நாளை மூன்று வாரம் தள்ளி வைத்திருக்கிறார்களாம். கணவர் விழுந்து விழுந்து சிரித்தார். "எங்க பஸ் அஞ்சு நிமிஷம் லேட்டானா ஜனங்க என்னைக் கிழிச்சுத் தோரணம் கட்டறாங்க. இவங்க மூணு வாரம் லேட்டு, யாரும் கேக்கறதில்ல!"

அந்த மூன்று வாரத்தின் நடுவில்தான் அது நடந்தது. கொழுகொழுவென்று ஒரு பெண் குழந்தை. முகத்தைப் பார்த்துப் பொக்கை வாயால் சிரித்தது. காதக்கா பின்னாலிருந்து கிலுகிலுப்பையை ஆட்டினாள். திரும்பவில்லை. இன்னும் பலமாக ஆட்டினாள். பக்கத்து மடியிலிருந்த குழந்தை திரும்பியது, இது திரும்பவில்லை.

"இவ ரொம்ப சமத்துக்கா" என்றாள் தாய். "எவ்வளவு சத்தம் போட்டாலும் தூக்கம் கலையாது."

காதக்கா கிலுகிலுப்பையைக் கீழே வைத்துவிட்டுக் கருவியை எடுத்தாள். இரண்டு காதிலும் கருவி மஞ்சளைக் காட்டியது. துணி அறைக்கு அழைத்துப் போய்ப் பார்த்தபோதும் அதே மஞ்சள். தாயின் பக்கத்தில் உட்கார்ந்து, அவள் கையைப் பிடித்துக்கொண்டு, மழுப்பாமல் சொன்னாள். அந்தப் பெண் அழுதாள். பிறகு கேட்டாள்: "அன்னைக்குப் பச்சை எரிஞ்சுதேக்கா?"

"எரிஞ்சுதும்மா. நானும் பார்த்தேன். இப்ப மேல டாக்டரைப் பார்ப்போம். நான் கூடவே வர்றேன்."

பெரிய சோதனைகளில் அது உறுதியானது. முழுக்கக் கேட்காமல் போகவில்லை, பாதி கேட்டது. காதில் மாட்டும் கருவி வைத்தால் நன்றாகப் பேசவும் படிக்கவும் முடியும், இவ்வளவு சின்ன வயதில் தெரிந்தது நல்லதாயிற்று என்றார் டாக்டரம்மா. பொட்டு அளவு இளஞ்சிவப்புக் கருவியை முதல்முறை மாட்டிவிட்ட நாளில் காதக்காவும் கூட இருந்தாள். தாய் பெயர் சொல்லிக் கூப்பிட்டதும் குழந்தை சிரிப்பதை நிறுத்திவிட்டு, யாரோ புதிதாக வந்திருப்பது போல அம்மாவை உற்றுப் பார்த்தது. அப்புறம் அந்த வாயைத் தொட்டுப் பார்த்தது. காதக்கா கைக்குட்டையைத் தேடினாள்.

ஆய்வுச் சுருக்கத்தை மறுபடி எழுத வேண்டி வந்தது. "ஒரே ஒரு குழந்தைதானே, விட்டுட்டா என்ன?" என்று கணவர் தயக்கத்தோடு கேட்டார்.

"அந்த ஒண்ணு எவ்வளவு பெருசுன்னு நான் பார்த்தேங்க" என்றாள் காதக்கா. அவர் எழுந்து போய்த் தேநீர் போட்டுக்கொண்டு வந்தார்.

பச்சை எரிந்த ஒரு குழந்தைக்குப் பின்னாளில் செவிக் குறைபாடு தெரிந்தது, அது பிறவியிலேயே இருந்ததா, பிறகு வந்ததா எனச் சொல்ல இயலவில்லை, ஆகவே அமைதியான அறையில் சோதித்தாலும் தடுப்பூசி நாளில் மறுபடி பார்க்க வேண்டும். இதைச் சேர்த்ததும் அளவு மீறியது. நாத்தனார் மேலே இருந்த பெருமை வரிகளைச் சுரண்டி எடுத்தாள். "வெற்றிகரமாக" போயிற்று. "முதன்முறையாக" போயிற்று.

ஞாயிறு மதியம் மூவரும் கணினி முன் உட்கார்ந்தார்கள். வீட்டில் எண்ணியபோது சரியாக இருந்த சொற்கள் மாநாட்டின் பக்கத்தில் ஒட்டியதும் கூடுதல் என்று சிவப்பு எழுத்து வந்தது. நான்கு பகுதித் தலைப்புகளையும் சேர்த்து எண்ணியிருக்கிறது! "இது என்ன அநியாயம்" என்று நாத்தனார் பல்லைக் கடித்துக்கொண்டு இன்னும் நாலு சொல்லை வெட்டினாள். அடுத்தது, சதவீதக் குறியெல்லாம் கேள்விக்குறியாக மாறியிருந்தது. பாதியாகக் குறைந்தது என்று சொன்ன இடத்தில் அடுக்கடுக்காகக் கேள்விக்குறி நின்றால் யார் நம்புவார்கள்? ஒவ்வொன்றையும் அழித்து, "சதவீதம்" என்று எழுத்தால் அடித்தார்கள். பேச விருப்பமா, சுவரொட்டி வைக்க விருப்பமா என்று கேட்ட இடத்தில் காதக்கா சுவரொட்டியைத் தொடப் போனாள். மேடை என்றாலே அவளுக்கு வேர்த்துவிடும்.

"பேச்சுன்னு போடுங்க அண்ணி."

"ஐயோ, எனக்கு நாக்கு ஒட்டிக்கும்."

"தினமும் எத்தனை அம்மாக்கள்கிட்ட பேசறீங்க? அதுக்கு மேலயா இது?"

பேச்சு என்றே போட்டாள். அனுப்பும் பொத்தானை அழுத்தியதும் கொஞ்ச நேரம் ஒரு வட்டம் சுற்றியது. மூன்று பேரும் திரையை நோக்கிக் குனிந்தார்கள். பிறகு நன்றி சொல்லி ஒரு பதிவு எண் வந்தது. கணவர் வண்டி ஹாரன் போல வாயாலேயே பாம் பாம் என்று அடித்தார்.

சில மாதங்களில் ஏற்றுக்கொண்டதாகக் கடிதம் வந்தது. காதக்கா ரயிலேறி மாநாட்டு நகரத்துக்குப் போனாள். கடைசி அமர்வு. மதியச் சாப்பாட்டுக்குப் பிந்திய நேரம், பாதிப் பேர் கண் சொக்கிக்கொண்டிருந்தார்கள். முதல் இரண்டு வரியில் குரல் நடுங்கியது. தவறவிட்ட குழந்தையைப் பற்றிச் சொன்னபோது முன்வரிசையில் ஒருவர் நிமிர்ந்து உட்கார்ந்தார். அதன் பிறகு நடுக்கம் போன இடம் தெரியவில்லை.

கேள்வி நேரம் முடிந்து இறங்கி வந்தவளை ஒரு பெண் வழிமறித்தாள். வேறொரு ஊரில் இதே வேலை பார்ப்பவளாம். "எங்களுக்கு லிஃப்டுக்குப் பக்கத்துலதான் இடம் கொடுத்திருக்காங்க. கதவு திறந்து மூடினாலே மஞ்சள். எங்களுக்குத் துணி அறையும் கிடையாது, என்னக்கா செய்யறது?"

"உக்காருங்க" என்றாள் காதக்கா. "உங்க மாடியில என்னென்ன அறை இருக்கு, ஒண்ணொண்ணா சொல்லுங்க."

அந்தப் பெண் கைதுடைக்கும் காகிதத்தில் தாழ்வாரத்தை வரைந்தாள். பண்டக அறை, பழைய கோப்புகள் போட்ட அறை, யாரும் திறக்காத ஒரு மூலை அறை. காதக்கா ஒவ்வொன்றுக்கும் கேள்வி கேட்டுக்கொண்டே போனாள். சுற்றிலும் நாற்காலிகளை அடுக்கத் தொடங்கிவிட்டார்கள். இருவரும் எழுந்து நின்று, காகிதத்தைச் சுவரில் அழுத்திப் பிடித்துக்கொண்டு பேச்சைத் தொடர்ந்தார்கள்.