ராகு காலத்தில் ஒரு சமன்பாடு

ஸ்டெல்லா இறந்த செய்தியை அமெரிக்காவில் இருக்கும் எனக்குச் சொன்னவர் முனிரத்தினம். "சார், அக்கா பூட்டாங்க," என்றார்.

எங்கள் பழைய ஆபரேட்டரான அவர் உயிரோடு இருப்பதற்கே ஸ்டெல்லாதான் காரணம். ரேணிகுண்டா உருக்காலையில் எங்களோடு இருந்தவர்களுக்கு அது தெரியும்.

தாராளமயம் வந்த புதிது. வெளிநாட்டில் கழித்துப்போட்ட இயந்திரங்கள் இங்கே மாலை மரியாதையோடு வந்து இறங்கின. பதிலுக்கு நாங்கள் விசா வரிசையில் நின்றோம். நிற்காத ஒரே இன்ஜினியர் சித்தூர் மிஷன் சபையைச் சேர்ந்த ஸ்டெல்லா. மின் உலைக்கு வந்த பிரேக்கர் என்ற பழைய ராட்சத சுவிட்ச் மின்சாரத்தைத் துண்டிக்குமா என்று அவர் கணக்குப் போட்டார். துண்டிக்கும் இடைவெளியில் ஆர்க் என்ற நெருப்பு வில் பிறக்கும். "உள்ள போற சூட்டைவிட வெளிய போறது ஜாஸ்தியா இருந்தா ஆர்க் சாகும். மத்ததெல்லாம் அல்ஜீப்ரா," என்பார். அவருடைய சமன்பாட்டில் ஆர்க் சாகவில்லை; பிரேக்கர்தான் வெடித்தது.

மேனேஜர் சான்றிதழைக் காட்டினார். "ஜெர்மனிக்காரன் கையெழுத்தும்மா."

"அவங்க ஊர்ல ஹேண்டில் கிட்ட முனிரத்தினம் நிக்கல சார்."

வெள்ளிக்கிழமை சோதனை. பிரேக்கருக்குக் குங்குமம், எலுமிச்சம்பழம். கைப்பிடியருகே புதுச் சட்டையில் முனிரத்தினம், எதிரே போட்டோகிராபர். ஸ்டெல்லா மறுபடி சமன்பாட்டை ஆரம்பித்தார். மேனேஜர் கடிகாரத்தைப் பார்த்தார். ஸ்டெல்லாவும் பார்த்தார்.

"சார், பத்தரை ஆயிடுச்சு. ராகு காலம்."

"ஐயோ தேவுடா! நீ சர்ச்சுக்குப் போறவளாச்சேம்மா?"

"ஆர்க் எந்த மதம்னு தெரியல சார். எதுக்கு வம்பு?"

அறை காலியானது. எல்லோரும் டீ குடித்து ராகு காலத்தைக் கழிப்பதற்குள் ஸ்டெல்லா, முனிரத்தினம், நான் மூவரும் கேபிள் இழுத்து, பிரேக்கரைத் தள்ளி நின்றே இயக்க சுவருக்கு வெளியே ஒரு பட்டன் வைத்தோம்.

"மெய்யாலுமே வெடிக்குமா அக்கா?"

"வெடிக்கலேன்னா என்னைத் திட்டு. திட்றதுக்கு நீ இருக்கணும்."

வெளியே நின்றால் கம்பெனிப் பெயர்ப்பலகையும் போட்டோவில் விழும் என்று ஸ்டெல்லா சொன்னதும் மேனேஜர் சம்மதித்தார். பன்னிரண்டுக்குப் பிறகு முனிரத்தினம் பட்டனை அழுத்தினார். பிரேக்கரின் இரும்புக் கதவு பிய்த்துக்கொண்டு, கைப்பிடிக்காரர் நிற்கும் இடத்தைக் கடந்து எதிர்ச்சுவரில் மோதியது.

புகை அடங்குமுன் மேனேஜர் சொன்னார்: "பாத்தியா, ராகு காலத்துல செஞ்சிருந்தா என்ன ஆயிருக்கும்!"

"ஆமா சார்," என்றார் ஸ்டெல்லா.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. உண்மையைச் சொல்ல வேண்டியதுதானே என்றேன். "கணக்கு ஜெயிக்கணுமா, ஆளு வீட்டுக்குப் போகணுமா?" என்று கேட்டுவிட்டு முனிரத்தினத்துக்குத் தண்ணீர் எடுக்கப் போய்விட்டார்.

ஸ்டெல்லாவிடமிருந்து நான் வைத்துக்கொண்டிருப்பது அந்த 'ஆமா சார்'. நான் சொன்னதுதான் சரி என்று நிறுவ வாய் திறக்கும்போதெல்லாம் அது குறுக்கே வருகிறது. வாயை மூடிக்கொண்டு, கைப்பிடியருகே யார் நிற்கிறார்கள் என்று பார்க்கிறேன்.