கோழி அடைகாத்த கைடிராக்டர்

கள்ளக்குறிச்சி கோர்ட்டுக்கு எதிர்ச் சந்தில் நானும் என் வீட்டுக்காரரும் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறோம். ஞாயிற்றுக்கிழமை கடை கிடையாது. அன்று முழுக்க, வீட்டுக்குப் பின்னால் போட்டிருக்கும் தகரக் கொட்டகையில், பழைய இன்ஜின் எதையாவது பிரித்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்போம். சொந்தக்காரர்கள் யாராவது வந்தால் எங்கள் கையில் இருக்கும் கரியைப் பார்த்துவிட்டு, காபி வேண்டாம் என்று சொல்லிவிடுவார்கள்.

தொடங்கி வைத்தது அவர்தான். தியாகதுருகத்தில் ஒரு பழைய இரும்புக் கடையில், மருந்தடிக்கும் இயந்திரத்தின் சின்ன பெட்ரோல் இன்ஜின் ஒன்றைப் பார்த்தார். அதன் உருவம் பிடித்துப்போய் வாங்கி வந்துவிட்டார். பெயிண்ட் அடித்து டிவி பக்கத்தில் வைக்கப்போவதாகச் சொன்னார். கடையில் மெஷின் மக்கர் பண்ணினால் கழற்றி மாட்டுவது எப்போதும் நான்தான். அந்தக் கை சும்மா இருக்குமா? கார்பரேட்டரைக் கழற்றி டூத் பிரஷால் தேய்த்து, பிளக் மாற்றி, கயிற்றைச் சுற்றி ஓர் இழுப்பு இழுத்தேன். பிடித்துக்கொண்டது. பிடித்த வேகத்தில் மேசையிலிருந்து குதித்து, அடுப்படி வரைக்கும் தரையிலேயே தத்திக்கொண்டு போனது. திரும்பிப் பார்த்தால் அவர் கட்டிலின் மேல் ஏறி நிற்கிறார். சிரிப்பு அடங்க வெகுநேரம் ஆனது. அதற்குப் பிறகு பெயிண்ட் அவர் வேலை, ஓடவைப்பது என் வேலை என்றாகிவிட்டது.

போன வருஷம் மழைக்கு முன்னால், கல்வராயன் மலையிலிருந்து ஓர் அக்கா சான்றிதழ் நகல் எடுக்கக் கடைக்கு வந்தார். மூலையில் வைத்திருந்த, புதிதாகப் பச்சை அடித்த, தண்ணீர் இறைக்கும் இன்ஜினையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"இது ஓடுமா?" என்று கேட்டார்.

"ஓடும்க்கா. நாங்கதான் சரி பண்ணோம்."

"எங்க வூட்டுப் பின்னாடி ஒரு கைடிராக்டர் கெடக்குது. அத்தப் பாத்தாலே எங்க வூட்டுக்காரு திட்டுவாரு."

கைடிராக்டர் என்று அவர் சொன்னது பவர் டில்லரை. இரண்டே சக்கரம், முன்னால் ஒரு டீசல் இன்ஜின், பின்னால் நீளமாக இரண்டு கைப்பிடி. அதைப் பிடித்துக்கொண்டு கூடவே நடந்து உழ வேண்டும். அப்படி ஒன்று கொட்டகைக்கு வர வேண்டும் என்பது எங்கள் வெகுநாள் ஆசை. நான் நிமிர்ந்து வீட்டுக்காரரைப் பார்த்தேன். அவர் ஏற்கெனவே அந்த அக்காவிடம் வழி கேட்டுக்கொண்டிருந்தார்.

அடுத்த ஞாயிறே ஒரு குட்டியானை சரக்கு வண்டியைப் பேசிக்கொண்டு கிளம்பினோம். கச்சிராயபாளையம் தாண்டி, கோமுகி அணையைத் தாண்டி, வளைந்து வளைந்து ஏறி வெள்ளிமலைக்குப் போய், அங்கிருந்து மண்ரோட்டில் இன்னும் உள்ளே போனோம். மரவள்ளிக் காட்டு ஓரத்தில் அந்த அக்காவின் வீடு. பின்புறம், பாதி கொடி படர்ந்து, டில்லர் நின்றது. அக்காவின் வீட்டுக்காரர் ஒரு கடுக்காய் மரத்தடியில் எங்களுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து கயிறு திரித்துக்கொண்டிருந்தார்.

"அது ராசியில்லாத வண்டி சார்," என்றார் திரும்பாமலேயே. "எடுத்துக்கினு போய் எங்கியாவது கொட்டுங்க."

அக்கா குரலைத் தாழ்த்தி நடந்ததைச் சொன்னார். சரிவில் ஏறும்போது வண்டி நின்றுபோய், பின்னால் உருண்டு, இவரையும் இழுத்துக்கொண்டு ஓடைக்குள் போய் உட்கார்ந்ததாம். அடி ஒன்றும் இல்லை. ஆனால் ஊரே கரையில் நின்று சிரித்ததாம். அன்றோடு அவர் அதைத் தொடவில்லை.

பிறகு அக்கா எங்களைப் பார்த்து, "கொட்றதுக்கெல்லாம் இல்ல. நல்லா ரிப்பேர் பண்ணி இங்கயே ஓட்டிக் காட்டுங்க. அப்பறம் குடுக்கறதப் பத்திப் பேசலாம்," என்றார்.

சரி என்று நான் கொடிகளை விலக்கினேன். உள்ளேயிருந்து ஒரு சீறல். பின்னால் மண்ணைக் கிளறும் கத்திகளுக்கு மேல் ஒரு தகர மூடி உண்டு. அதன் அடியில் வைக்கோலைப் பரப்பி ஒரு கோழி அடை உட்கார்ந்திருந்தது. என் கையில் ஒரு கொத்து வைத்தது.

"அய்யோ, அத்த எழுப்பாதீங்க. குஞ்சு பொரிக்கட்டும்," என்றார் அக்கா.

அவ்வளவு தூரம் வண்டி பேசி வந்துவிட்டுக் கோழிக்காகத் திரும்புவதா என்று என் வீட்டுக்காரர் முகம் சுருங்கியது. எனக்கு ஒரு யோசனை வந்தது. டில்லரின் உடம்பு இங்கேயே இருக்கட்டும், இன்ஜினை மட்டும் கழற்றுவோம். துரு ஏறிய போல்ட்டுகளுக்கு எண்ணெய் விட்டு, பொறுமையாக அசைத்து அசைத்துக் கழற்றினேன். ஊர் ஆட்கள் மூங்கில் கழியில் கட்டித் தூக்கி வண்டியில் ஏற்றினார்கள். கோழி கடைசி வரை இடத்தை விட்டு நகரவில்லை.

கொட்டகைக்கு வந்த பிறகுதான் தெரிந்தது, பிஸ்டன் சிலிண்டரோடு ஒட்டிக் கிடந்தது. மேல் மூடியைத் திறந்து, டீசலும் எண்ணெயும் கலந்து ஊற்றி ஊறவிட்டேன். ஒவ்வொரு ஞாயிறும் மரக்கட்டையை வைத்து மெதுவாகத் தட்டிப் பார்ப்பேன். அசையாது. மறுபடி ஊற்றிவிட்டு, சாப்பிடப் போவேன். மழைக்காலம் முழுக்க இப்படியே போனது. என் வீட்டுக்காரர் அதற்குள் மேல் துருவைத் தேய்த்துக்கொண்டிருந்தார். சிவப்பு அடிக்கலாம் என்று அவரும், நீலம் என்று நானும் சண்டை போட்டுக்கொண்டிருந்தோம். ஒருநாள் டேங்குக்கு அடியில், கிரீஸ் கெட்டியாகப் படிந்திருந்த இடத்தைச் சுரண்டியவர், "இங்க வந்து பாரேன்," என்று கூப்பிட்டார். உள்ளங்கை அளவுக்கு, வெயிலே படாத ஆரஞ்சு நிறம். செய்தபோது அடித்த நிறம். அதற்குப் பிறகு சண்டை இல்லை. அந்த ஆரஞ்சைக் கலந்து எடுக்க அவர் பெயிண்ட் கடைக்காரரைப் படுத்திய பாடு தனிக்கதை.

பிஸ்டன் அசைந்த ஞாயிறு, நான் சமையல் பண்ணவில்லை. ஓட்டலில் பரோட்டா வாங்கிக்கொண்டோம். பிறகு ரிங் புதிது, கேஸ்கட் புதிது, டீசல் பீய்ச்சும் நாசிலைச் சுத்தம் செய்தது எல்லாம் மளமளவென்று நடந்தன. கிராங்க் கைப்பிடியை மாட்டி இரண்டு பேரும் சேர்ந்து சுற்றினோம். முதலில் ஒரு தும்மல், வெள்ளைப் புகை, அப்புறம் டப், டப், டப் என்று தாளம் பிடித்துக்கொண்டது. வேலிக்கு அந்தப் பக்கம் துணி காயப்போட்டிருந்த பக்கத்து வீட்டு பாய் வீட்டம்மா ஓடி வந்து துணிகளை அள்ளினார். திட்டப்போகிறார் என்று நினைத்தேன். "ஓடிடுச்சா? அப்பாடா," என்றார்.

தை பிறந்து மலைக்குப் போனோம். கோழி இடத்தைக் காலி செய்து வெகுநாள் ஆகியிருந்தது. ஊர் ஆட்களே இன்ஜினைத் தூக்கி உட்காரவைத்தார்கள். பெல்ட்டுகளை மாட்டினேன். மரத்தடியில் இருந்தவர் அன்றும் முதுகைக் காட்டித்தான் உட்கார்ந்திருந்தார். கிராங்க் அடித்ததும் இன்ஜின் பிடித்தது. கயிறு திரிக்கும் கை நின்றதைப் பார்த்தேன்.

என் வீட்டுக்காரர் கைப்பிடியைப் பிடித்து, கிளட்சை விட்டார். டில்லர் அவரை இழுத்துக்கொண்டு கோணல்மாணலாகக் காட்டுக்குள் போனது. அவர் செருப்பு ஒரு பக்கம் கிடந்தது.

"அப்டிப் புடிக்காதீங்க சார். தோள் எறங்கிடும்," என்று எழுந்து வந்தார் அந்த மனிதர். "உடுங்க, உடுங்க." கைப்பிடியை வாங்கி, ஒரு கையால் லேசாகத் தட்டித் திருப்பினார். அது நாய்க்குட்டி மாதிரி திரும்பியது. காட்டு ஓரம் வரை ஒரே நேர்கோட்டில் போய்த் திரும்பி வந்தார். பின்னால் மண் கறுப்பாகப் புரண்டு கிடந்தது. அன்று ஓடைக்கரையில் நின்று சிரித்த அதே ஆட்கள்தான் இன்றும் நின்றார்கள், இன்றும் சிரித்தார்கள். அவரும் சேர்ந்து சிரித்தார்.

"உழுது பாக்குறியாம்மா?" என்று என்னிடம் கேட்டார். நான் சைக்கிளைத் தவிர எதையும் ஓட்டியவள் இல்லை. புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு பிடித்தேன். கை, தோள், பல் எல்லாம் சேர்ந்து அதிர்ந்தது. ஒரு சால் முழுக்க நானே ஓட்டினேன். அக்கா வரப்பில் கூடவே நடந்து வந்தார்.

மத்தியானம் சாமைச் சோறும் கோழிக் குழம்பும் சாப்பிட்டு முடித்ததும் அக்கா தயங்கித் தயங்கி ஆரம்பித்தார். "குடுக்கறதப் பத்திப் பேசலாம்னு சொன்னேன்..." வெளியே அக்காவின் வீட்டுக்காரர் டில்லரின் டேங்கை ஈரத்துணியால் துடைத்துக்கொண்டிருந்தார்.

என் வீட்டுக்காரர் என்னைப் பார்த்தார். கொட்டகையில் அதற்காக ஓர் இடத்தை ஒழித்து, தரைக்கு சிமெண்டுகூடப் பூசி வைத்திருந்தார், பாவம். "அது இங்கயே இருக்கட்டும்க்கா," என்றார். சொல்லும்போது அவருக்கும் சந்தோஷமாகத்தான் இருந்தது. எனக்குத் தெரியும்.

மரவள்ளிக் கிழங்கு மூட்டையோடு இறங்கி வந்தோம். இப்போது அக்காவின் வீட்டுக்காரர் அந்த டில்லரில் டிரெய்லர் மாட்டி, ஊர்க்காரர்களின் கிழங்கையும் ஏற்றிக்கொண்டு போகிறார். வண்டியில் ஏதாவது சத்தம் மாறினால், சிக்னல் கிடைக்கும் மேட்டுக்கு வண்டியையே ஓட்டிக்கொண்டு போய் எனக்குப் போன் போடுவார். எடுத்தால் முதலில் இன்ஜின் சத்தம் மட்டும்தான் கேட்கும். கொஞ்ச நேரம் கேட்டுவிட்டு, பெல்ட் தளர்ந்திருக்கு என்றோ, ஃபில்டரைக் கழுவுங்க என்றோ சொல்வேன்.

போன வாரமும் போன் வந்தது. நானும் உற்று உற்றுக் கேட்டேன். ஒன்றும் பிடிபடவில்லை.

"எல்லாம் சரியாத்தானே இருக்கு. இன்னாங்க ஆச்சு?" என்றேன்.

"ஒண்ணும் ஆவல," என்றார். "காலையில நல்லா ஓடிச்சு. நீங்களும் கேளுங்கன்னுதான்."

போனை ஸ்பீக்கரில் போட்டேன். வீட்டுக்காரர் கையில் பிரஷோடு வந்து பக்கத்தில் உட்கார்ந்தார்.