விரதத்துக்குள் ஒளிந்தவனை அம்மன் விடவில்லை

அம்மனை நம்புகிற சொந்தங்களே, இதை நான் அழுதுகொண்டு சொல்லவில்லை. கோபத்தோடு சொல்கிறேன். முதல் கோபம் என் மேல்தான்.

எனக்கு முப்பத்தாறு வயது. ஜவ்வாது மலையில் சாமையும் புளியும்தான் எங்கள் பிழைப்பு. இரண்டு வருடமாக மனைவி பொன்னியோடு என்னால் சேர முடியவில்லை. விறைப்பு வரவில்லை. அதை மறைக்க நான் செய்த அயோக்கியத்தனத்தைக் கேளுங்கள். விரதத்துக்குக் கையில் காப்பு கட்டினால் கணவன் மனைவி தனித்தனியாகத்தானே படுக்க வேண்டும்? ஒரு விரதம் முடிந்த கையோடு அடுத்ததற்குக் காப்பு கட்டினேன். ஊர் என்னைப் பக்திமான் என்றது. குழந்தை இல்லாததற்கு அவளை மலடி என்றது. நான் வாயை மூடிக்கொண்டிருந்தேன்.

போன தை மாதம் மறுபடியும் மஞ்சள் நூலை எடுத்தேன். பொன்னி பிடுங்கி எறிந்தாள்.

"இது இன்னாய்யா, அம்மனுக்கு இருக்கிற வெரதமா? எங்கிட்ட இருந்து ஒளியறதுக்கு அம்மன் பேர இழுக்காத. டாக்டராண்ட போ. இல்லன்னா நான் எங்கம்மா வூட்டுக்குப் போயிடுவேன், திரும்பி வர மாட்டேன்."

கோயிலுக்கு ஓடினேன். அன்றுதான் உண்மையாகக் கும்பிட்டேன். கும்பிட்டேனா, சண்டை போட்டேன். "தாயே, திருப்பத்தூருக்கு டாக்டராண்ட போறேன். ஆனா இத சொல்ல எனக்கு வாய் வராது. நீதான் அவர கேக்க வைக்கணும்."

டாக்டரிடம் கொஞ்ச நாளாக இருந்த கால் எரிச்சலை மட்டும் சொன்னேன். ரத்தம் எடுத்துப் பார்த்தார்கள். சர்க்கரை கண்டபடி ஏறியிருந்தது. டாக்டர் நர்ஸை வெளியே அனுப்பிக் கதவைச் சாத்தினார்.

"வூட்ல சம்சாரத்தோட சேர முடியுதா?"

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. "அது எதுக்குங்க உங்களுக்கு?"

"சர்க்கரை ஏறினா அதுவும் கெடும். வர்றவங்க எல்லார்கிட்டயும் கேக்கறதுதான். சொன்னாத்தானே வைத்தியம் பாக்க முடியும்?"

கேட்டது அவரா, அம்மனே கேட்டாள்! இரண்டு வருடத்தையும் கொட்டினேன். இப்படியே விட்டிருந்தால் காலுக்கும் ஆபத்து என்று திட்டினார். அந்தத் திட்டு எனக்கு வேண்டியதுதான்.

மாத்திரையும் சாப்பாட்டுக் கட்டுப்பாடுமாகச் சில மாதங்களில் சர்க்கரை இறங்கியது. அந்தக் குறையும் பெரும்பாலும் தீர்ந்தது.

ஆடித் திருவிழாவில், பொங்கல் வைத்த கூட்டத்தின் நடுவே நின்று கத்தினேன். "குறை எனக்குத்தான்யா இருந்துச்சு. இனி பொன்னிய எவனாச்சும் மலடின்னா வாயில பல்லு இருக்காது!"

கும்பிடுங்கள், அவள் கேட்பாள். ஆனால் பயத்தை மறைக்க அவள் பெயரில் காப்பு கட்டாதீர்கள். டாக்டர் கேட்கட்டும் என்றும் காத்திருக்காதீர்கள், நீங்களே சொல்லுங்கள். உங்கள் வெட்கத்துக்கு உங்கள் வீட்டில் ஒருத்தி பழி சுமக்கிறாள்.