மீசை வைத்த காளான்

போன மாதம் ஒரகடத்தில் எங்கள் கம்பெனியில் ஒரு பயிற்சி வகுப்பு நடந்தது. வகுப்பெடுக்க வந்திருந்த அம்மையார், எல்லோரும் கூச்சம் விட்டுப் பழகுவதற்காக ஒரு கேள்வி கேட்டார். உங்களுக்கு மிகவும் பிடித்த புத்தகம், நீங்கள் யார் என்று காட்டுகிற புத்தகம், எது? ஆளுக்கொரு பெரிய நாவலையோ வாழ்க்கை வரலாற்றையோ சொன்னார்கள். சிலர் அந்தப் புத்தகத்தைத் தொட்டுக்கூடப் பார்த்திருக்க மாட்டார்கள் என்பது முகத்திலேயே தெரிந்தது. என் முறை வந்தபோது, காளான் வளர்ப்பைப் பற்றிய ஒரு புத்தகம் என்றேன். அறையே சிரித்தது. விளையாட்டுக்குச் சொல்கிறேன் என்று நினைத்துக்கொண்டார்கள். நான் சொன்னது சத்தியமான உண்மை.

அப்போது எனக்கு ஒன்பது வயது. மண்ணூரில் எங்கள் நிலத்தில் பாதி கம்பெனிக்குப் போயிருந்தது. வந்த பணத்தில் வீட்டுக்குப் பின்னால் வரிசையாக அறைகள் கட்டி, மேலே சிமெண்ட் ஷீட் போட்டு, தெற்கிலிருந்து வேலைக்கு வரும் பையன்களுக்கு வாடகைக்கு விட்டோம். அப்பா இருங்காட்டுக்கோட்டைக்கு ஷிஃப்டு போய்விடுவார். அறைகளின் ராஜ்யம் முழுக்க அம்மாவுடையது. முதன்முதலில் குடிவந்த இருவர் ஒரு ஞாயிற்றுக்கிழமை குடித்துவிட்டுக் கட்டிப் புரண்டதில் தண்ணீர்க் குழாய் உடைந்தது. தெருவே வந்து வேடிக்கை பார்த்தது. அன்றோடு அம்மா ஒரு சட்டம் போட்டுவிட்டாள். படிக்கிற பழக்கம் உள்ளவனுக்குத்தான் ரூம்.

ரூம் கேட்டு வருகிறவனை வாசலிலேயே நிறுத்துவாள். "புஸ்தகம் எதுனா படிப்பியா தம்பி? உனுக்குப் புடிச்ச புஸ்தகம் இன்னா, எட்தாந்து காட்டு" என்பாள். அம்மா படித்தது எட்டாம் வகுப்பு. புத்தகம் பிடிக்கிற கை பாட்டிலைப் பிடிக்காது என்பது அவளுடைய நம்பிக்கை. பெண்ணுக்கு மாப்பிள்ளை பார்க்கிறவர்கள்கூட இவ்வளவு விசாரிக்க மாட்டார்கள் என்று அப்பா கிண்டல் செய்வார்.

அந்தச் சட்டத்தின்படி முதலில் தேறியவர் ராமநாதபுரம் பக்கத்து வெல்டர் அண்ணன் ஒருவர். பையிலிருந்து நீல அட்டை போட்ட கனமான புத்தகம் ஒன்றை எடுத்து நீட்டினார். காளான் வளர்ப்பு. வெல்டிங் படித்தவனுக்குக் காளான் எதற்கு என்று அம்மா கேட்கவில்லை. அதன் கனமே அவளுக்குப் போதுமானதாக இருந்தது. முதல் ரூம் சாவி அப்போதே கைமாறியது. ஆளும் சோடை போகவில்லை. வாடகையை நினைவூட்ட வேண்டியிருக்காது. ஒரு லீவு நாளில் எங்கள் வீட்டு இரும்புக் கேட்டை அவரே பற்றவைத்துக் கொடுத்துவிட்டு, மோர் மட்டும் வாங்கிக் குடித்தார்.

பாடப் புத்தகம் தவிர வேறு எதையும் பார்த்திராத நான் அந்தப் புத்தகத்தைக் கேட்டு வாங்கிப் படித்தேன். திரும்பத் திரும்பப் படித்தேன். வைக்கோலை எப்படி வேகவைப்பது, எப்போது தண்ணீர் தெளிப்பது, எல்லாம் மனப்பாடம். இருட்டும் ஈரமும் உள்ள அறை காளானுக்கு உகந்தது என்று படித்தபோது, எங்கள் அறைகளைப் பார்த்துவிட்டுத்தான் எழுதியிருக்கிறார்கள் என்று பூரித்துப்போனேன். நடுப்பக்கத்தில் குண்டாக ஒரு காளான் படம் இருந்தது. அப்பாவின் சாடை தெரிந்ததால் அம்மாவின் கண் மைப் பென்சிலை எடுத்து அதற்கு ஒரு மீசை வைத்தேன்.

சில மாதங்களில் இரண்டாவது ரூம் காலியானது. பரமக்குடிக்காரர் ஒருவர் வந்தார். அம்மா கேட்டதும் அவர் நீட்டியதும் ஒரு காளான் புத்தகம். அம்மா புரட்டினாள். நடுப்பக்கத்தில் என் மீசை! வெல்டர் அண்ணன் தோய்த்த சட்டையைக் கொடியில் உலர்த்தியபடி, யாரையும் தெரியாதவர்போல் வானத்தைப் பார்த்தார். எனக்கு விஷயம் பிடிபட்டுவிட்டது. அம்மாவிடம் சொன்னால் இருவரையும் காலி செய்யச் சொல்லிவிடுவாள். என் ஒரே புத்தகமும் அவர்களோடு பஸ் ஏறிவிடும். வாயைத் திறக்கவே இல்லை. நல்லவேளையாக அம்மா சாவியைக் கொடுத்துவிட்டாள்.

அப்புறம் ஒருநாள் இன்னொருவர் பளபளவென்று மூன்று புதுப் புத்தகங்களோடு வந்தார். மூன்றாவது ரூம் காலியாகத்தான் இருந்தது. ஆனாலும் அம்மா ரூம் இல்லை என்று அனுப்பிவிட்டாள். அவளுக்கும் காளான்தான் பிடிக்கும்போல என்று நினைத்துக்கொண்டேன்.

அந்த மூன்றாவது ரூமுக்கு வந்தவர்தான் எங்கள் எல்லோரையும் மாட்டிவிடப் பார்த்தார். முதுகுளத்தூர் பக்கம். ஒல்லியான உடம்பு. ஒரு பை, ஒரு வாளி, சுருட்டிய பாய். அதுவரை ஒன்பது பேர் இருக்கும் ரூமில், ஷிஃப்டுக்குப் போனவரின் இடத்தில் மாறி மாறித் தூங்கியிருக்கிறார். அங்கே இனி இடமில்லை என்று காலையில்தான் சொல்லியிருக்கிறார்கள். மதியம் அவருக்கு ஷிஃப்டு. இங்கே ரூம் கிடைக்காவிட்டால் திரும்பி வந்து பாயை விரிக்க இடமில்லை. வெல்டர் அண்ணனின் அதே காளான் புத்தகத்தைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு நின்றார்.

அம்மா நாற்காலியில் உட்கார்ந்து சின்ன வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். அதுவரை யாரிடமும் கேட்காததை அன்று கேட்டாள்.

"படிச்சிகினு கீறியே, காளான எப்பிடி வளக்கறது? சொல்லு, கேப்போம்."

அவருக்கு முகம் வெளிறிவிட்டது. தண்ணீர்க் குழாயடியில் பல் துலக்கிக்கொண்டிருந்த வெல்டர் அண்ணன் பிரஷ்ஷை வாயிலேயே மறந்துவிட்டார். இவர் மாட்டினால் மூன்று பேரும் மாட்டுவார்கள், என் புத்தகமும் போய்விடும். நான் அம்மாவின் நாற்காலிக்குப் பின்னால் போய் நின்றேன். இருட்டு வேண்டும் என்பதற்காக இரண்டு உள்ளங்கையாலும் கண்ணைப் பொத்திக் காட்டினேன்.

"கண்ணுக்கு... கண்ணுக்கு ரொம்ப நல்லதுக்கா" என்றார்.

"அது துன்றவனுக்கு. வளக்கறது எப்பிடி?"

விரல்களால் தண்ணீர் தெளித்துக் காட்டினேன். அவர் முகம் மலர்ந்தது.

"பன்னீர் தெளிக்கணும்க்கா!"

வெங்காயம் உரித்த கை நின்றது. எனக்கு அழுகையே வந்துவிட்டது. கடைசி முயற்சியாகப் பக்கத்து வீட்டு வைக்கோல் போரைச் சுட்டி, அள்ளிப் பரப்புவதுபோல் கையை ஆட்டினேன்.

"மாடு! அப்புறமா மாட்டுக்குப் போட்டுறணும்க்கா!"

வெல்டர் அண்ணன் தலையில் கைவைத்துக் குழாயடியிலேயே உட்கார்ந்துவிட்டார். அம்மாவின் தோள் குலுங்கியது. திரும்பாமலேயே சொன்னாள்.

"பின்னாடி ஆடினது போதும். போய் மூணாவது ரூம் சாவிய எட்தாடி." பிறகு அவரிடம், "சாப்ட்டியா நீ?"

ஓடினேன். ஆடிக் காட்டியே ஓர் ஆளுக்கு வீடு வாங்கிக் கொடுத்துவிட்டேன் என்று தலைகால் புரியாத சந்தோஷம். அந்தப் பெருமையில் பல வருஷம் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டே திரிந்தேன்.

நான் கல்லூரிக்குப் போகும்போது முதுகுளத்தூர் அண்ணன் கல்யாணமாகி ரூமைக் காலி செய்தார். மற்ற இருவரும் அதற்கு முன்பே போயிருந்தார்கள். கிளம்பும்போது, அவரிடமே தங்கிவிட்ட அந்தப் புத்தகத்தை என்னிடம் கொடுத்தார். அதுவரைக்கும் அவர் அதைத் திறந்திருப்பார் என்று நான் நம்பவில்லை. இனி யாருக்கும் ஆபத்தில்லை என்று அம்மாவிடம் எல்லாவற்றையும் உடைத்துச் சொன்னேன். அவள் அசரவே இல்லை.

"ரெண்டாவது ஆளு வந்தப்பவே மீசய பாத்தனே. என் மை பென்சிலு எனுக்குத் தெரியாதா?"

"அப்புறம் எதுக்கும்மா ரூம் குடுத்த?"

"அந்த வெல்டரு புள்ள தங்கமான புள்ள. கண்டவன் கையில அந்தப் புஸ்தகத்த குடுத்து அனுப்புமா?"

"மூணு புதுப் புஸ்தகம் எட்தாந்தாரே, அவருக்கு மட்டும் ஏன் இல்லன்ன?"

அம்மா என்னை ஒன்பது வயதுப் பிள்ளையைப் பார்ப்பதுபோல் பார்த்தாள்.

"அத்த அவனுக்கு யாரு குடுத்தாங்க? கடக்காரன்தான?"

அந்தப் புத்தகத்தில் நான் படிக்காத வரியில்லை. அம்மா ஒரு வரிகூடப் படித்ததில்லை. அது யார் கையிலிருந்து வந்தது என்பதை மட்டும்தான் பார்த்திருக்கிறாள். அன்று சாவியை எடுக்க ஓடியபோது, ஜெயித்தது என் ஆட்டம்தான் என்று நினைத்தேன்.